அந்தியில் மேற்கே ஒரு புள்ளி: வடசென்னையிலிருந்து கிரகம் பார்க்க

திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: "சூரியன் மறைந்த பிறகு மேற்கே பளிச்சென்று ஒரு புள்ளி தெரிகிறது. அது கிரகம்தானா, விமானமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதன் கிரகத்தைச் சென்னையிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கவே முடியாது என்கிறார்கள், உண்மையா? கடற்கரைக்குப் போனால் நன்றாகத் தெரியுமா? தொலைநோக்கி வாங்க வேண்டுமா?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தவறான செய்தி அதிகம் உலவுவது அதில்தான். புதனைச் சென்னையிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று முறை அது மாலை வானத்துக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு வாரம் தென்படும் உயரத்தில் நிற்கிறது. நகர வெளிச்சம் அதை மறைப்பதில்லை, ஏனென்றால் வானத்தில் பாதி வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க வேண்டிய கிரகம் அது. மறைப்பவை மேற்கே நிற்கும் கட்டடங்கள். ஆகவே இருட்டான ஊர் தேடிப் பொன்னேரிக்கும் அதற்கு அப்பாலும் போகத் தேவையில்லை. மேற்கு அடிவானம் தாழ்வாகத் திறந்திருக்கும் ஓர் இடம் போதும். வடசென்னையில் அதுதான் அரிது. திறந்த வெளி என்றால் இங்கே எல்லாருக்கும் கடல் நினைவுக்கு வரும். கடலோ கிழக்கே இருக்கிறது. சூரியன் இறங்குவது வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் பின்னால்.

அடுத்து, நீங்கள் பார்த்த புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2026 கோடை மாலைகளில் மேற்கே வேறு எதுவும் தென்படாத வெளிச்சத்திலேயே தனியாக வெள்ளையாக மின்னுகிறது என்றால் அது வெள்ளிதான். வெள்ளியின் ஒளியளவு ஏறக்குறைய எப்போதும் மைனஸ் 3.8க்கும் மைனஸ் 4.9க்கும் இடையில் இருக்கும். இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய ஒளி கூடுதல். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் மைனஸ் 1.46 மட்டுமே. வெள்ளிக்கு அடுத்தபடி வியாழன், அதிகபட்சம் மைனஸ் 2.9. இந்த இரண்டையும் தவிர அந்த வெளிச்சத்தில் அப்படி நிற்கக்கூடிய கிரகம் அநேகமாக இல்லை.

விமானச் சந்தேகம் நியாயமானது. மீனம்பாக்கம் உங்களுக்குத் தென்மேற்கே இருக்கிறது. இறங்க வரும் விமானம் உங்கள் பக்கம் முகம் காட்டித் திரும்பும்போது அதன் முன்விளக்கு சில நிமிடம் அசையாமல் ஒரே இடத்தில் எரிவதுபோல் இருக்கும், வெள்ளியைவிடப் பெரிதாகவும் தெரியும். கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ கைப்பிடிச் சுவரின் முனையிலோ தலையைச் சாய்த்து நின்று, புள்ளியை அந்த விளிம்பில் ஒட்டினாற்போல் வையுங்கள். நீங்கள் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், அதற்குள் விமானம் எங்கோ போயிருக்கும் அல்லது சிவப்பும் பச்சையுமாகப் பிரிந்திருக்கும். கிரகம் அரை டிகிரி மட்டும் கீழே இறங்கியிருக்கும், அதாவது முழு நிலவின் அகலம். விண்வெளி நிலையமாக இருந்தால் சோதனையே தேவைப்படாது, அது ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும்.

உங்கள் பகுதிக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. திருவொற்றியூருக்கு நேர் மேற்கே மணலி. ஆலைகளின் புகைபோக்கி உச்சியில் விமானங்களுக்கு எச்சரிக்கையாக எரியும் சிவப்பு விளக்கைச் செவ்வாய் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலையில் மிச்ச வாயுவை எரிக்கும் கோபுரத்தின் நெருப்பு, மூட்டமான மாலையில் அடிவானத்தில் செம்மஞ்சளாக ஒரு பொட்டுப்போல் தெரியும். இரண்டும் நகராதவை. விளிம்புச் சோதனையில் கிரகம் இறங்கும், இவை இறங்கா.

கிரகம் மினுக்காது, நட்சத்திரம்தான் மினுக்கும் என்ற பாடப்புத்தக விதியை இங்கே நம்ப வேண்டாம். தலைக்கு மேலே இருக்கும்போது அது சரி. நட்சத்திரம் வெறும் புள்ளி, கிரகத்துக்கு மிகச் சிறியதாயினும் ஒரு வட்டம் உண்டு, ஆகவே காற்றின் அலைவு கிரகத்தின் ஒளியை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனால் அடிவானத்துக்கு மேல் ஐந்தாறு டிகிரியில், பகல் முழுக்கச் சுட்ட மாடிகளின் மேலாகப் பார்க்கும்போது, புதன் நன்றாகவே மினுக்கும், சமயத்தில் நிறம்கூட மாறும்.

இனி, எந்த மாதத்தில் எது மாலையில் தெரியும் என்பது. கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் போன்ற செயலி இருந்தால் வேலை எளிது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒன்றே போதும் என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. பஞ்சாங்கத்திலும் சில தினசரிக் காலண்டர்களிலும் ராசிக் கட்டம் போட்டு சூ, பு, சுக், குரு என்று எழுதியிருப்பார்கள், அதாவது சூரியன், புதன், வெள்ளி, வியாழன். பலன் பக்கத்தை நான் புரட்டுவதில்லை. கட்டம் வேறு சங்கதி, அது வானத்தின் வரைபடம். ஒரு கட்டத்துக்கு 30 டிகிரி. மேல் வரிசையின் இடது மூலையில் மீனம், அடுத்து மேஷம், ரிஷபம் என்று கடிகார முள் சுற்றும் திசையில் போகும். சூரியன் இருக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில், அதாவது கடிகாரத் திசையில், ஒரு கிரகம் இருந்தால் அது சூரியனுக்குப் பிறகு மறையும், மாலையில் மேற்கே தெரியும். முந்தைய கட்டத்தில் இருந்தால் விடியலில் கிழக்கே.

புதன் சூரியனிலிருந்து 28 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. ஆகவே எந்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தாலும் புதன் சூரியனோடு ஒரே கட்டத்தில் இருக்கும், இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தில். வெள்ளியின் எல்லை 47 டிகிரி, அது இரண்டு கட்டத்தைத் தாண்டாது. இரண்டுமே பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுகிறவை என்பதுதான் காரணம். செவ்வாய், வியாழன், சனி மூன்றும் எந்தக் கட்டத்திலும் இருக்கலாம், நள்ளிரவில் உச்சியிலும் நிற்கலாம். ராகுவும் கேதுவும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களே அல்ல. நிலவின் பாதை சூரியப் பாதையை வெட்டும் இரு இடங்கள். நவக்கிரகச் சன்னதியைச் சுற்றுபவர்கள் இந்த இரண்டையும் தேடி மாடிக்கு ஏற வேண்டாம்.

கட்டம் ஒன்றாகவே இருந்தால் டிகிரி பார்க்க வேண்டும். 2026 ஜூன் 15 நல்ல உதாரணம். அன்று சூரியன் மிதுனத்தின் தொடக்கத்தில், புதன் அதே மிதுனத்தின் கடைசிப் பகுதியில். கட்டம் ஒன்றுதான் என்றாலும் இடைவெளி 24 டிகிரிக்கு மேல். பார்ப்பதற்கு என்றால் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையே எடுங்கள். பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் புதனின் இடம் வானத்தோடு சில டிகிரி ஒத்துப்போகாமல் இருக்கலாம், புதனைத் தேடுகிறவருக்குச் சில டிகிரி பெரிய தூரம். சுக்கிர மூடம், குரு மூடம் என்று கல்யாண தேதி பார்க்கிறவர்கள் சொல்கிறார்களே, அந்த நாள்களில் அந்தக் கிரகம் சூரியனுக்கு மிக அருகில் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மாடியேறிப் பயனில்லை.

சரி, சென்னையில் முடியாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? புதனைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவில் இருந்து எழுதப்பட்டது. அங்கே அது உண்மையாகவே கடினம். கோப்பர்நிக்கஸ் வாழ்நாள் முழுக்கப் புதனைப் பார்க்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு. ஆதாரமில்லாத கதைதான், ஆனால் அவர் வாழ்ந்த இடம் வடக்கே 54 டிகிரி என்பதால் நம்பும்படி இருக்கிறது. சூரியனும் கிரகங்களும் ஓடும் பாதை அந்த ஊர்களில் சில மாதங்களில் அடிவானத்தோடு படுத்துவிடும். லண்டனில் செப்டம்பர் மாலையில் அந்தப் பாதை அடிவானத்தோடு ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில் கிடக்கும். புதன் சூரியனிலிருந்து 25 டிகிரி விலகி நின்றாலும் உயரம் ஆறேழு டிகிரிகூடத் தேறாது. நாம் இருப்பது வடக்கே 13 டிகிரியில். நமக்கு அதே செப்டம்பரில் சாய்வு சுமார் 54 டிகிரி, மார்ச் மாத மாலையிலோ பாதை கிட்டத்தட்ட செங்குத்து. சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் மேலே, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிரகங்கள் அடுக்கினாற்போல் நிற்கும். இது நம் ஊருக்குக் கிடைத்த சலுகை, இதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் குறை. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடமே வைத்திருந்தது. ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோளை 1861இல் அந்தக் கூடத்தின் வானியலாளர் போக்சன் பிடித்தது இந்த ஊரிலிருந்துதான். அதே கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது சாதாரண மக்களுக்காக அதை விளக்கி எழுதினார். அந்த ஊரில் இருந்துகொண்டு, புதன் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சலுகைக்கு ஒரு விலை உண்டு. செங்குத்தாக நிற்பவை செங்குத்தாகவே இறங்கும். நான்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்தி வெளிச்சமும் இங்கே சீக்கிரம் போய்விடும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கச் சுமார் 22 நிமிடம் ஆகிறது. அதற்கு முன்னால் புதனைத் தேடுவது வீண், வானம் இன்னும் வெளிறிப்போய் இருக்கும். சூரியன் மறையும்போது புதன் 18 டிகிரி உயரத்தில் இருந்தால் அரை மணி கழித்து 11 டிகிரிக்கு வந்துவிடும், முக்கால் மணியில் 7. அதற்கும் கீழே போனால் மூட்டம் விழுங்கிவிடும். ஆகவே மறைந்த பின் 25ஆவது நிமிடத்திலிருந்து 45ஆவது நிமிடம்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றால் அன்றைக்குக் கிடைக்காது.

மறையும் நேரம் என்று நான் சொல்வது காலண்டரில் போட்டிருக்கும் நேரம், உங்கள் தெருவில் சூரியன் எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் போகும் நேரம் அல்ல. இரண்டுக்கும் அரை மணிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். சென்னையில் நவம்பர் நடுவில் 5:39 வாக்கில் மறைந்துவிடும், ஜூலை தொடக்கத்தில் 6:39 ஆகும். திசையும் மாறும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது வாரத்தில் நேர் மேற்கு. ஜூனில் 24 டிகிரி வடக்கே தள்ளி, டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி. கைப்பேசித் திசைகாட்டி மாடியில் இரும்புக் கம்பிகளுக்கும் தொட்டிக்கும் அருகில் பிசகும். அதைவிட, சூரியன் மறைவதை நேரில் பார்த்து எந்த மாடிக்கு, எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் போனது என்று அடையாளம் வைத்துக்கொள்வது மேல்.

இனி இடம். ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும். 15 மீட்டர் உயரக் கட்டடம் 10 மீட்டர் தள்ளி எதிரே இருந்தால், தெருவில் நிற்கும் உங்களுக்கு வானத்தில் 50 டிகிரிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். வெள்ளியே தெரியாது. அதே கட்டடம் 150 மீட்டர் பின்னால் இருந்தால் 6 டிகிரிதான். 500 மீட்டர் என்றால் இரண்டு டிகிரிக்கும் குறைவு. ஆகவே ஒன்று, கட்டடங்களுக்கு மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் அவற்றை விட்டு மேற்குக்கு எதிர்த்திசையில் விலகிப் போக வேண்டும். இரண்டாவது வழியில்தான் கடல் உதவிக்கு வருகிறது. கடற்கரைக்குப் போகலாம், ஆனால் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டதன் விளைவு அது. அதற்காகப் போட்ட கருங்கல் தடுப்பும், கடலுக்குள் நீண்டு கிடக்கும் தூண்டில் வளைவுகளும் உங்களுக்குத் தெரிந்தவையே. தூண்டில் வளைவின் நுனிப் பக்கம் போய் ஊரைப் பார்த்துத் திரும்பினால், தெருவில் தலைக்கு மேல் நின்ற வீடுகளெல்லாம் ஒரு விரல் உயரத்துக்கு இறங்கிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் மேல்விளிம்பு ஒரு கோடு, அதற்கு மேல் மாடிகளின் தொட்டிகள், அதற்கும் மேல் மணலியின் புகைபோக்கிகள். அதன்மேல் நிற்கும் ஆரஞ்சுப் பட்டையில்தான் புதன் இருக்கும். எச்சரிக்கை ஒன்று: கற்கள் வழுக்கும், இடுக்குகள் ஆழம். அலை மேலேறும் நாள்களில் நுனிவரை போகாமல் நடுவிலேயே நில்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வருவதும் அவசியம். காசிமேட்டிலிருந்து மாலையில் கிளம்பும் படகுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கரையை விட்டு 5 கிலோமீட்டர் போனதும் 30 மீட்டர் உயரக் கட்டடம்கூட அரை டிகிரிக்கும் கீழே போய்விடும். இந்த ஊரில் மிகச் சிறந்த மேற்கு அடிவானம் அவர்களுடையது.

மாடி என்றால், எந்த மாடியில் மேற்கு திறந்திருக்கிறது என்று காற்றாடி விடும் பையன்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். (மாஞ்சாவுக்குத் தடை இருக்கிறது, அதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.) பிறை பார்க்கிறவர்களும் அறிவார்கள். மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் ரமலான் பிறைக்காக ஏறும் மாடிகள், புதனுக்கும் அதே மாடிகள்தான். நேரமும் அதேதான், வானத்தின் துண்டும் அதேதான். 2026 பிப்ரவரி 18 மாலை பிறையைத் தேடி ஏறியிருந்தால், அந்த மெல்லிய கீற்றுக்குச் சற்று மேலே நின்ற புள்ளி புதன்.

உங்கள் ஊரிலேயே இன்னும் இரண்டு இடம் சொல்கிறேன். தியாகராஜர் கோயில் கிழக்கு பார்த்தது. சன்னதித் தெருவில் ராஜகோபுரத்தைப் பார்த்து நின்றால் நீங்கள் நேர் மேற்கைப் பார்த்து நிற்கிறீர்கள். ஜூனில் வெள்ளி கோபுரத்துக்கு வலப்பக்கம், அக்டோபரில் இடப்பக்கம். கோபுரத்தின் ஓரம் நான் முன்பு சொன்ன விளிம்புச் சோதனைக்கும் ஆகும். ஆனால் வெள்ளிக்கு மட்டுமே இந்த இடம், புதனுக்குக் கோபுரமும் வீடுகளும் இடம் விடாது. அடுத்தது மெட்ரோ. 2021இல் விம்கோ நகர்வரை நீட்டிய பாதையில் டோல்கேட்டுக்கு வடக்கே ரயில் மேலேதான் ஓடுகிறது. விம்கோ நகர் போகும் ரயிலில் இடப்பக்கச் சன்னல் மேற்கு. உள்விளக்கு கண்ணாடியில் தெரியும், முகத்தை ஒட்டிக் கையால் மறைத்துக்கொண்டால் வெள்ளி மாடிகளின் மேலாகக் கூடவே ஓடிவரும்.

நேரம் இருக்கிறவர்களுக்கு எண்ணூர் முகத்துவாரம். அங்கே மேற்கே உப்பங்கழி விரிந்து கிடக்கிறது, மின்கோபுரங்களைத் தவிரக் குறுக்கே ஏதுமில்லை. செங்குன்றம் பக்கம் இருப்பவர்களுக்குப் புழல் ஏரி. கரை கிழக்கிலும் தண்ணீர் மேற்கிலுமாக, இதற்கென்றே வெட்டினாற்போல் இருக்கும். மக்கள் நிற்க அனுமதி உள்ள இடத்தில் நின்றால் போதும். மேம்பாலங்களில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவானத்தில் 10 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது நேர் மேலே பார்ப்பதைப்போல் ஐந்தரை மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம், 5 டிகிரியில் ஏறக்குறைய பத்து மடங்கு. நம் கடலோரக் காற்றில் ஈரம், லாரிப் புழுதி, புகை எல்லாம் உண்டு. கொடுங்கையூர் குப்பை மேட்டில் எங்காவது புகைந்துகொண்டிருந்தால் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மேற்கு அன்றைக்கு அடைபட்டது. ஜனவரி முதல் ஏப்ரல்வரை வானம் பெரும்பாலும் மேகமின்றி இருக்கும், நல்ல காலம் அதுவே. ஜூன் முதல் செப்டம்பர்வரை வேறு தொல்லை. காலையெல்லாம் வெறும் வெயில், மாலையில் உள்மாவட்டங்களில் இடிமேகம் எழுந்து மேற்கிலிருந்து நம்மை நோக்கி வரும். மழை வரும் திசையும் கிரகம் நிற்கும் திசையும் ஒன்றாகிவிடும். அந்த மாதங்களில் முதல் நாள் இரவு மழை பெய்து மறுநாள் மாலை வெறித்திருந்தால் விடாதீர்கள், கழுவிவிட்ட வானம் அது. வடகிழக்குப் பருவமழையின் நடுவிலும் அப்படி ஓரிரு மாலை கிடைக்கும்.

தேடும் முறை எளிது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சுண்டுவிரல் ஒரு டிகிரி, நடு மூன்று விரல் சேர்ந்து 5, விரித்த சாண் 20க்குக் கொஞ்சம் மேல். சூரியன் மறைந்த அடையாளத்திலிருந்து ஒரு முஷ்டி மேலே, அங்கிருந்து இடமும் வலமும் ஒரு முஷ்டி. அந்தச் சதுரத்துக்குள் மெதுவாகப் பார்வையை ஓட்டுங்கள். வெறும் வானத்தைப் பார்க்கும்போது கண் தூரத்தில் குவியாது, அருகிலேயே நின்றுவிடும். எதிரிலேயே புள்ளி இருந்தாலும் தெரியாமல் போவது அதனால்தான். தொலைவிலுள்ள புகைபோக்கி விளக்கையோ மேகத்தின் ஓரத்தையோ சில நொடி பார்த்துவிட்டு, அப்படியே பார்வையை மேலே கொண்டுபோங்கள். பைனாகுலர் வைத்திருந்தால் அதையும் முதலில் அந்த விளக்கில் குவித்துக்கொள்ளுங்கள். மணலி ஆலைகள் வானம் பார்க்கிறவருக்குச் செய்யும் ஒரே உதவி இது. பைனாகுலரில் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், இடம் தெரிந்த பிறகு வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் காலண்டர் நேரப்படி சூரியன் முழுதும் மறையும்வரை பைனாகுலரைக் கண்ணில் வைக்கவே கூடாது. மேகத்துக்குப் பின்னாலோ கட்டடத்துக்குப் பின்னாலோ இருக்கும் சூரியன் திடீரென்று உள்ளே வந்தால் கண் போய்விடும்.

2026க்கான நாள்கள் இவை. புதன் மாலையில் சூரியனிலிருந்து அதிகம் விலகி நின்ற பிப்ரவரி 19 முடிந்துவிட்டது. ஜூன் 9 மாலை வெள்ளியும் வியாழனும் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் நிற்கும். நீட்டிய கையின் இரண்டு விரல் அவற்றை மறைத்துவிடும். நீங்கள் புதனைத் தேடப் பழக இதைவிட நல்ல வாய்ப்பு வராது, ஏனென்றால் ஜூன் 15ஐ ஒட்டிய நாள்களில் மேலே வெள்ளி, அதன் கீழே வியாழன், அதற்கும் கீழே புதன் என்று மூன்றும் சாய்ந்த ஒரே கோட்டில் சூரியன் மறைந்த இடத்தை நோக்கி இறங்கும். மேல் இரண்டையும் பிடித்துக்கொண்டு கோட்டைக் கீழே நீட்டினால் மூன்றாவது. சூரியன் 6:35 வாக்கில் மறையும்போது புதன் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், அது மறைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூன் 16 மாலை மெல்லிய பிறை புதனுக்கு அருகில், 17 மாலை வெள்ளிக்கும் வியாழனுக்கும் பக்கத்தில். இடிமேகம் மட்டும் வழிவிட வேண்டும். அதன்பின் வியாழன் சூரிய ஒளிக்குள் மறைந்துவிடும், ஜூலை 29இல் வானத்தில் சூரியனோடு சேர்ந்து நிற்கும். ஆகஸ்ட் 15இல் வெள்ளி சூரியனிலிருந்து அதிகபட்சமாக, 46 டிகிரி விலகி நிற்கும். மறையும் நேரத்தில் மூன்று முஷ்டிக்கு மேல் உயரம் என்பதால் தெருவிலிருந்தே தெரிய வாய்ப்பு உண்டு. வெள்ளி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிகளை ஒட்டி அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடும். 2018 ஆகஸ்டில் இதே கோலத்தில் இருந்தது, 2034 ஆகஸ்டிலும் இருக்கும். அக்டோபர் 12 மீண்டும் புதன். அன்று சூரியன் கன்னியில், புதன் துலாமில், காலண்டர் கட்டத்தில் அடுத்தடுத்து இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பாதை அப்போது தெற்கே சாய்ந்திருப்பதால் மறைந்த இடத்துக்கு நேர் மேலே தேடாமல் ஒன்றரை முஷ்டி இடப்பக்கம் தள்ளித் தேடுங்கள். சூரியன் 5:52 வாக்கிலேயே மறைந்துவிடும், அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு அது சற்றுக் கடினம்.

செவ்வாய்க்கும் சனிக்கும் இவ்வளவு பாடு இல்லை. சனி 2026 அக்டோபர் 4ஐ ஒட்டி, சூரியன் மறையும்போது கிழக்கே எழும். அப்போதுதான் நீங்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். செவ்வாய்க்கு அந்த நாள் 2027 பிப்ரவரி 19. பிப்ரவரி, மார்ச் மாலைகளில் தெற்கே தாழ்வாக ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பார்த்துக் கிரகமோ என்று பலர் கேட்கிறார்கள். அது அகத்திய நட்சத்திரம், சென்னையில் அதிகபட்சம் 24 டிகிரி உயரம்தான் ஏறும். எந்தக் கிரகமும் அவ்வளவு தெற்கே போவதில்லை.

தொலைநோக்கி பற்றிக் கேட்டீர்கள். புதனுக்காக வாங்க வேண்டாம். அதில் பார்த்தாலும் நடுங்கும் ஒரு சிறு பொட்டுதான் தெரியும், அடிவானத்துக் காற்று அதற்கு மேல் விடாது. வாங்குவதென்றால் முதலில் 7க்கு 50 அல்லது 10க்கு 50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில்). ஜூனில் அதைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி வியாழனைப் பார்த்தால் அதன் நான்கு பெரிய நிலவுகளில் இரண்டு மூன்றாவது புள்ளிகளாகத் தெரியும். செப்டம்பர் கடைசியிலிருந்து அதே பைனாகுலரை வெள்ளியின் பக்கம் திருப்புங்கள். அது அக்டோபர் 24இல் நமக்கும் சூரியனுக்கும் இடையே வந்துவிடும், அதற்கு முந்தைய வாரங்களில் அளவில் பெருத்துக்கொண்டே பிறையாக மெலியும். வானம் முழுதும் இருட்டிய பிறகு பார்த்தால் அதன் ஒளி கூசி வடிவம் தெரியாது. சூரியன் மறைந்த பத்தாவது நிமிடத்தில், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே பாருங்கள்.